கடல் வழியாக மேட்டு வீட்டுக்கு

ஓடையிலிருந்து குடத்தோடு ஏறி வரும்போதெல்லாம் உங்கள் மூன்று பேரில் ஒருவராவது கேட்கிறீர்கள்: "எல்லா ஊடும் தண்ணிக்குப் பக்கத்துல இருக்குது. நம்ம ஊடு மட்டும் எதுக்குப்பா மேட்டுல இருக்குது?" அம்மாவைக் கேளுங்கள் என்று நான் நழுவிவிடுவேன். அப்பாவைக் கேளுங்கள் என்று அவள் திருப்பி அனுப்பிவிடுவாள். இப்போது மழை பிடித்துக்கொண்டு தோட்ட வேலை நின்றுபோயிருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு எவ்வளவு எழுத வருமோ அவ்வளவு எழுதி வைக்கிறேன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

இது உலகச் சண்டைக் காலத்தில் நடந்தது. அப்போது பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. பார்த்தது அவர்களுக்கு நினைவிருக்கலாம், காரணம் தெரிந்திருக்காது. கடைக்குட்டி, நீ பிறக்கவில்லை. சின்னவனுக்கும் உனக்கும் நடுவில் ஒருவன் இருந்தான். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

நான் கீழே முள்ளுக்குறிச்சியில் பிறந்தவன். மலைமேல் வாசலூர்பட்டிக்கு அப்பால் மிஷனுக்கு ஓர் ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள மலைக்கு வந்தேன். கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதால் வீட்டை ஓடையோரத்திலேயே கட்டியிருந்தார்கள். மலைக்கு அனுப்பும் முன்பு புண் கட்டவும், குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுக்கவும் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் மலைச் சனங்களுக்கு நான் தோட்டக்காரன் இல்லை, மருந்துக்காரன்.

உங்கள் அம்மா தரங்கம்பாடிக்காரி. போர்டிங் பள்ளியில் படித்தவள். சபைப் பெரியவர்கள் பேசி எங்கள் கல்யாணத்தை முடித்தார்கள். மலையேறி வந்த முதல் நாள் மூச்சு வாங்க நின்று அவள் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது: "ஏங்க, இங்க எங்கேயாச்சும் சமமா ஒரு இடம் இருக்கா?"

நான் சொல்ல வந்த வருஷம் ஆடியில் நல்ல மழை. சாமையும் தினையும் இடுப்பளவு நின்றன. ஆனால் சண்டை வந்ததிலிருந்து கொய்னா வரத்துக் குறைந்துபோயிருந்தது. ஒரு டப்பா கேட்டால் கால் டப்பா வரும். ஐப்பசியில் அடைமழையோடு காய்ச்சலும் வந்தது. ஊரெல்லாம் வந்தது, நம் வீட்டுக்கும் வந்தது. எல்லாரும் எழுந்தோம், அந்த இரண்டு வயதுப் பிள்ளை எழவில்லை. தோட்டத்து ஓரத்தில் முதல் ஆரஞ்சு மரத்துக்குப் பக்கத்தில் அவனை வைத்தோம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்து மண்வெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் அம்மாவோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டில் பலகாரம் கிடையாது. அம்மா விளக்கை மட்டும் ஏற்றினாள்.

மிளகு பறித்துக் காயவைத்து முடிந்த அன்று அம்மா சொன்னாள்.

"எங்க அப்பா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு. எனக்குக் கடலப் பாக்கணும்."

"போலாம். எப்பத் திரும்பறது?"

"அத இப்பக் கேக்காதீங்க. வழியிலயும் கேக்காதீங்க. அங்க போனப்புறம் நானே சொல்றேன்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். தரங்கம்பாடி போர்டிங் பள்ளியில் உங்கள் தாத்தா சமையல் வேலை பார்த்தார். அங்கே தோட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும், மருமகன் வந்தால் வேலை உண்டு, இரண்டு அறை வீடும் உண்டு என்று சொல்லியனுப்பியிருந்தார். எனக்கோ மலையை விட மனசில்லை. நான் நட்ட கன்றுகள் அங்கே இருந்தன. கால் டப்பா கொய்னாவானாலும் அதை அளந்து கொடுக்க அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை. ஆரஞ்சு மரத்தடியில் அவனும் இருந்தான். ஆனாலும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இன்னொரு வருஷம் இரு என்று எந்த வாயால் சொல்வது? கேட்பதில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

ரயிலில் பட்டாளத்துக்காரர்களுக்கே இடம் போதாத நாட்கள் அவை. ஆகவே மாட்டு வண்டியில் போவது, இருட்டுகிற இடத்தில் தங்குவது என்று முடிவாயிற்று. காரவள்ளி வழியாக நடந்து இறங்கி, சேந்தமங்கலத்தில் ஒரு கூண்டு வண்டி பேசினேன். வண்டிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வாய் ஓயாது. மாடுகள் ஒன்று செவலை, ஒன்று மயிலை.

மலையில் அப்போது சக்கரமே கிடையாது. எல்லாம் தலைச்சுமைதான். சின்னவன் சக்கரத்துக்கு முன்னால் குந்தி, அது சுற்றுவதைப் பார்க்கக் காத்திருந்தான். நானும் மலையேறி வெகு காலமாகி, வண்டியில் பாரம் ஏற்றும் முறையை மறந்துபோயிருந்தேன். சாமை மூட்டை, கிழங்கு மூட்டை, தார்ப்பாய், பாத்திரம் எல்லாவற்றையும் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பின்கோடியிலேயே அடுக்கினேன். வண்டி பின்னால் சாய்ந்து நுகத்தடி மேலே எழும்பியது. மாடுகளின் கழுத்துக் கயிறு இறுகியது.

"ஏனுங்க மருந்துக்காரரே, மாட்டை ஓட்டறதா, தூக்குல போடறதா?" என்றார் வண்டிக்காரர். "பின்பாரம் ஆகக்கூடாதுங்க. முன்பாரமும் ஆகக்கூடாது. அம்மிணி, நீங்க பின்னால உக்காருங்க. கண்ணுங்களா, நீங்க ரெண்டு பேரும் நடுவால. ஊட்டுக்காரரு என்ற பக்கத்துல."

அப்படி ஆளுக்கோர் இடம் வைத்துவிட்டார். யாராவது இடம் மாறினால் திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவார். நாமக்கல் தாண்டியதும் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"திரும்பி வாரப்ப எத்தன பேருங்க?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ஆளு இல்லீன்னா கருவாடு ஏத்திக்குவேனுங்க. வெறும் வண்டி ஓட்டுனா மாட்டுக்கே வெக்கமா இருக்கும்."

"அங்க போய்ப் பாத்துக்கலாங்க."

பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் காதிலும் அது விழுந்தது.

தொட்டியம், முசிறி என்று காவிரியை ஒட்டியே போனோம். வெயில் ஏறும் முன்பு ஒரு நடை, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு நடை. பொழுது சாய்ந்ததும் புளியமரத்தடியோ மணல்மேடோ பார்த்து வண்டியை அவிழ்ப்போம். வண்டியின் பக்கத்திலிருந்து இரண்டு மூங்கில் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் அதுதான் வீடு. மூன்று கல் வைத்து அம்மா சாமைச் சோறு பொங்குவாள். பெரியவள் சுள்ளி பொறுக்குவாள். சின்னவனுக்கு வண்டி மை எடுத்துக் கொடுக்கும் வேலை. மை பூசியது சக்கரத்துக்கா அவன் முகத்துக்கா என்று வண்டிக்காரர் தினமும் கேட்பார்.

சாப்பிட்டதும் ஜெபம் பண்ணுவோம். முதல் நாள் வண்டிக்காரர் தள்ளி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கேட்டார். "எல்லாத்துக்கும் வேண்டுனீங்க. மாட்டுக்கு ஒண்ணும் இல்லீங்களா?" மறுநாளிலிருந்து பெரியவள் செவலைக்கும் மயிலைக்கும் சேர்த்து ஜெபம் பண்ணினாள். அதைக் கேட்டபோது அம்மா சிரித்துவிட்டாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பயணம் போவதில்லை என்று புறப்படும்போதே சொல்லியிருந்தேன். மலையிலும் அப்படித்தான். கன்று வாடினாலும் ஞாயிறன்று நான் மண்வெட்டியைத் தொட்டதில்லை. முதல் ஞாயிறு முசிறிப் பக்கம் ஒரு தோப்பில் கழிந்தது. வண்டிக்காரருக்கு ஏக சந்தோஷம். மாடுகளைக் காவிரியில் குளிப்பாட்டினார், தானும் குளித்தார். "உங்க சாமி மாட்டுக்காரங்க கஷ்டம் தெரிஞ்ச சாமிங்க" என்றார்.

பிறகு அவர் தன் வழக்கத்தைச் சொன்னார். அவர் அமாவாசையன்று மாட்டின் கழுத்தில் நுகம் வைக்க மாட்டார். நானும் சரி என்றேன். அவருக்கு ஒரு நாள், எனக்கு ஒரு நாள். இரண்டும் அடுத்தடுத்து வரும் என்று யாரும் பஞ்சாங்கம் பார்க்கவில்லை.

திருச்சிராப்பள்ளி தாண்டித் தஞ்சாவூர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அந்த அமாவாசை வந்தது. அது சனிக்கிழமை. ஒரு வாய்க்கால் கரையில் இலுப்பை மரத்தடியில் வண்டி நின்றது. அன்று மத்தியானம் சின்னவன் வந்து அம்மா மடியில் சுருண்டான். பல் கிட்டியது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. எனக்குப் பழகிய காய்ச்சல்தான். கையில் கொண்டுவந்திருந்த கொய்னாவைக் கொடுத்தேன். இரண்டு வேளைக்குத்தான் இருந்தது.

"தஞ்சாவூர்ல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு" என்றாள் அம்மா. "வண்டியைக் கட்டச் சொல்லுங்க."

நான் வண்டிக்காரரைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இன்னைக்கு வேண்டாமுங்க. அமாவாசைல நுகம் வெச்சா மாடு ஒண்ணும் சொல்லாது. செத்துப்போன எங்கப்பன் கனவுல வந்து சொல்லுவான். விடியட்டும், வெள்ளி மொளைக்கறப்பவே கட்டீறலாம்."

அந்தி சாய்கையில் சின்னவனுக்கு வியர்த்து, காய்ச்சல் இறங்கியது. காலையில் கஞ்சி குடித்தான். வண்டிக்காரர் மாடுகளை ஓட்டி வந்து நிறுத்தினார். இப்போது முறை என்னுடையது. நான் சொன்னேன்: "காய்ச்சல் விட்டிருச்சு. இன்னைக்குக் கர்த்தருடைய நாள். நாளைக்கு விடிகாலைல போயிரலாம்."

அம்மா எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை. உங்கள் அம்மா சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

"நேத்து அவரு நாள் பாத்தாரு. இன்னைக்கு நீங்க பாக்கிறீங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற காய்ச்சல் இது, நாளைக்கு மத்தியானம் மறுபடியும் நடுக்கும், அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காய்ச்சல் என்ன நாள் பாத்தா வருது? நாள் பாக்குறாங்கன்னு மலைச் சனங்களைச் சொல்வீங்களே, இப்ப நீங்க பண்றது என்ன?"

வண்டிக்காரர் மெதுவாகச் சொன்னார். "எனக்கு இன்னைக்கு நல்ல நாள்தானுங்க அம்மிணி. உங்க ஊட்டுக்காரரத்தான் கேக்கோணும்."

நான் நுகத்தடியைத் தூக்கினேன். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடலாம் என்று சிறுவயதிலேயே வேதத்தில் படித்தவன் நான். கிணற்றில் விழுந்தது என் பிள்ளை என்பது அவள் பேசிய பிறகுதான் உறைத்தது. செவலை தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. அன்று ஆராதனை ஓடுகிற வண்டியில் நடந்தது. ஜெபம் பண்ணியது பெரியவள். நான் மாடு ஓட்டினேன். வண்டிக்காரர் இறங்கிப் பாரம் குறைய நடந்தே வந்தார்.

பொழுது சாய்வதற்குள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மறுநாள் நடுக்கம் வந்தபோது சின்னவன் அங்கே கட்டிலில் இருந்தான். டாக்டரம்மா அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கத்தில் மண்ணீரல் வீங்கிக் கட்டி மாதிரிக் கையில் தட்டுப்பட்டதை அம்மாவின் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார்.

"இது வழியில வந்த காய்ச்சல் இல்லம்மா. உள்ள இருந்ததுதான். வீடு எங்க, தண்ணிக்குப் பக்கமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள். "வாசல்லேருந்து குடத்தைப் போட்டா ஓடையில விழும்."

"கொசு?"

"கொசுவுக்குள்ளதான் நாங்க இருக்கோம்."

டாக்டரம்மா மருந்து கொடுத்துக் கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்பினார். அங்கிருந்து கும்பகோணம், மாயவரம் என்று போனோம். வாய்க்காலைக் கடக்கும்போதெல்லாம் அம்மா கரையோரத்து வீடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் மலையை மறந்துகொண்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். இவள் இனி ஏற மாட்டாள் என்று என் மனத்துக்குள் முடிவாகிவிட்டது. கேட்பதில்லை என்ற வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தோம். சின்னவன் அலையைத் துரத்தினான், அலை அவனைத் துரத்தியது. பெரியவள் மட்டும் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"இங்க மேடே இல்லையேம்மா. எங்க ஏறி நின்னு பாக்கறது?"

மலையில் சமமான இடம் தேடியவளின் மகள் கடற்கரையில் மேடு தேடினாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

தாத்தா எங்களை விழுந்து விழுந்து உபசரித்தார். மீன் குழம்பு இல்லாத நாளே இல்லை. அவர் சொன்ன இரண்டு அறை வீட்டையும் காட்டினார். நல்ல ஓட்டு வீடு. பின்கதவைத் திறந்தால் குளம். அம்மா பின்வாசலில் நின்று குளத்தைப் பார்த்தாள். பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தது.

"அதுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"குளிர்காய்ச்சல்தாம்மா. குளத்தோரத்துல வர்றதுதானே" என்றார் தாத்தா. "நம்ம போர்டிங்கு பிள்ளைங்களுக்கு அவ்வளவா கிடையாது. கட்டிலுக்கெல்லாம் வலை போட்டிருக்கோம்."

மறுநாள் அம்மா போர்டிங் பள்ளிக்குப் போனாள். கிழிந்துபோனதென்று ஒதுக்கி வைத்திருந்த கொசுவலைகளைக் கேட்டு வாங்கி வந்தாள். தாத்தா வீட்டு முற்றத்தில் விரித்துப் போட்டு, நல்ல பாகங்களைச் சேர்த்துச் சேர்த்துத் தைத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தாத்தாவும் கேட்கவில்லை, ஆனால் அவர் முகம் வாடிப்போயிருந்தது.

அன்று சாயங்காலம் வண்டிக்காரர் இரண்டு கருவாட்டு மூட்டைகளை வாசலில் கொண்டுவந்து இறக்கினார். என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

"நாளைக்குக் கெளம்பறேனுங்க. ஒரு ஆளோ, ரெண்டு ஆளோ, யாரு வந்தாலும் இதுக்கு மேல ஏறி உக்காந்துக்கலாம். கொஞ்சம் நாறும்."

அம்மா ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கருவாட்ட வாங்கின எடத்துலயே திருப்பிக் குடுத்துருங்கண்ணே. நாங்க நாலு பேரும் வர்றோம். வலை மூட்டையும் இருக்கு."

வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆனா அந்த வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்க மாட்டேன்" என்றாள் என்னிடம். "தோட்டத்துக்கு மேல மொட்டைப் பாறை இருக்கே, காத்து அடிக்குமே, அங்க வீடு கட்டணும். கட்டுற வரைக்கும் தார்ப்பாய்க்குள்ள இருப்போம். இத்தனை நாள் இருந்தோமே."

"தண்ணி?"

"நான் சுமக்கிறேன். நீங்களும் சுமங்க. பிள்ளைங்களும் சுமக்கட்டும். தண்ணிய மேல கொண்டுவரலாம், காய்ச்சலைக் கீழேயே விட்டுட்டு வரலாம்."

தாத்தா உள்ளே போய்விட்டார். சற்று நேரம் கழித்துத் தன் கட்டில் வலையை அவிழ்த்து மடித்துக்கொண்டு வந்து மூட்டை மேல் வைத்தார். "கடலுல விழுந்தாக்கூட நீந்தி வந்துருவா. இவளை யாரு தடுக்குறது" என்றார்.

திரும்பும் வழியை விவரிக்கப் போவதில்லை. வெயில் ஏறிவிட்டது, மாடும் களைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றோம். அமாவாசைக்கும் நின்றோம். பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லாத நாட்களில் நிற்பதற்கு அம்மாவும் தடை சொல்லவில்லை. சேந்தமங்கலத்தில் வண்டியை விட்டு இறங்கியபோது சின்னவன் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விட மாட்டேன் என்றான். "விடு சாமி, அதுக்கும் ஊட்டுக்குப் போகோணுமில்ல" என்று வண்டிக்காரர் பிரித்தெடுத்தார். கடையாணி ஒன்று தேய்ந்து கிடந்தது. அதை அவனுக்குக் கொடுத்தார். இப்போதும் அவன் பெட்டியில் இருக்கிறது.

மலையேறியதும் அம்மா முதலில் ஆரஞ்சு மரத்தடிக்குப் போனாள். நாங்கள் தள்ளி நின்றோம். வந்த பிறகு நேரே பாறைக்கு ஏறி, இங்கே வாசல் என்று காலால் கோடு கிழித்தாள்.

பக்கத்துக் காட்டுக்காரர்கள் மூங்கிலும் புல்லும் வெட்டிக்கொண்டு வந்தார்கள். சிரித்தார்கள்தான். "ஏனுங்க மருந்துக்காரரே, ஊட்டை மேல கட்டறீங்க, தண்ணி பொறவால ஏறி வருமுங்களா?" வலையைக் கட்டியபோது இன்னொருவர் உள்ளே எட்டிப் பார்த்து, "மீன் எங்கீங்க?" என்றார். அம்மா அசரவில்லை. "மீன் நாங்கதான். கொசுதான் வெளிய நின்னு ஏங்குது" என்றாள். ஆனாலும் யாரும் வேலையை விட்டுப் போகவில்லை. ஆடி மழைக்கு முன்பு கூரை ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு நமக்குக் காய்ச்சலே வரவில்லை என்று எழுதினால் அது பொய். சின்னவனுக்கு இரண்டு தடவை வந்தது. எனக்கும் வந்தது. ஆனால் அந்த ஐப்பசியும் அதற்கடுத்த ஐப்பசியும் நாம் யாரையும் ஓரத்து மரத்தடிக்குக் கொண்டுபோகவில்லை. கடைக்குட்டி, நீ இந்த மேட்டு வீட்டில், தாத்தாவின் வலைக்குள்தான் பிறந்தாய். மீன் எங்கே என்று கேட்டவர் போன வருஷம் தன் வீட்டையும் ஓடையை விட்டுத் தள்ளிக் கட்டிக்கொண்டார். வலைக்கு மட்டும் அவரிடம் வழியில்லை. அம்மா தன் பழைய சேலையைச் சேர்த்து ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

ஆகவே இனிமேல் பாதிவழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஏன் மேட்டில் வீடு என்று கேட்காதீர்கள். மழை இப்போது விட்டிருக்கிறது. நாளைக் காலையில் பெரிய குடம் சின்னவனுடைய முறை. பெரியவள் கன்றுகளைப் பார்க்கட்டும். கடைக்குட்டி சொம்பு எடுத்துக்கொண்டு வரட்டும், சிந்தினாலும் பரவாயில்லை. அம்மாவும் நானும் முன்னால் போகிறோம்.